பதவிக்காலம் முடியும் முன்பே ஏன் விலகுகிறார்கள்? தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரைச் சேர்ந்தவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் ஊராட்சியில் துணைத் தலைவராக இருந்தவர் சரியாக இரண்டரை ஆண்டில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார், ஐந்தாண்டுக்கென்று ஓட்டு வாங்கியவர் எப்படிப் பாதியில் போகலாம், சட்டமன்றம், நாடாளுமன்றம், அமைச்சரவை என்று மேலே இருப்பவர்களும் ஏன் இப்படிப் போகிறார்கள், இதற்குப் பின்னால் இருப்பது பணமா மிரட்டலா என்பது உங்கள் கேள்வி. காரணங்களைச் சொன்னால் போதும் என்பதுபோல் அது தோன்றினாலும், உங்கள் எழுத்தில் தெரிகிற வருத்தம் வேறொன்றைக் கேட்கிறது. ஊர் கூடிக் கொடுத்த பொறுப்பை, ஊரைக் கேட்காமலே ஒருவர் இறக்கி வைத்துவிட்டுப் போக முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை ஒன்றியங்களில் கழிந்தது. ஊராட்சி அளவில் நடந்த விலகல்களை மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்து நேரில் பார்த்திருக்கிறேன்; எம்.எல்.ஏ., அமைச்சர் நிலையில் நடந்தவற்றைச் சட்டத்தையும் பொதுவில் பதிவான நிகழ்ச்சிகளையும் கொண்டே பேச முடியும். விலகியவர் மனத்தில் என்ன இருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே, உறுதியாகச் சொல்லக் கூடியதை உறுதியாகவும், ஊகமாக மட்டும் சொல்லக் கூடியதை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. பதவியில் இருப்பவர் விலகுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அரசியலமைப்பின் 172ஆம் பிரிவு சொல்லும் ஐந்தாண்டு என்பது சட்டப்பேரவையின் ஆயுள். உறுப்பினர் ஒவ்வொருவரும் அத்தனை காலம் இருந்தே தீர வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. 190ஆம் பிரிவின்படி உறுப்பினர் தம் கைப்படக் கையெழுத்திட்டுப் பேரவைத் தலைவருக்கு எழுத வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டதும் இடம் காலியாகும். அந்த ஏற்பு என்ற நிபந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் குஜராத்தில் நவநிர்மாண் கிளர்ச்சி நடந்தபோது, எம்.எல்.ஏ.க்களை மக்கள் முற்றுகையிட்டு விலகல் கடிதங்களை வாங்கினார்கள். அதே ஆண்டில் வந்த 33ஆவது திருத்தம்தான், விலகல் சுயவிருப்பத்தின்படியானதா, உண்மையானதா என்று பேரவைத் தலைவர் விசாரித்து, இல்லையென்றால் ஏற்க மறுக்கலாம் என்று சேர்த்தது. வாக்காளரின் சம்மதம் தேவை என்று எந்த விதியும் இல்லை. நம் எம்.எல்.ஏ., எம்.பி.யைத் திரும்ப அழைக்கும் உரிமையும் நமக்கு இல்லை. உங்கள் வருத்தத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை வருத்தத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ஊராட்சிக்கு வருகிறேன். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே துணைத் தலைவர் பதவியில் உட்கார ஊரின் ஓட்டுத் தேவையில்லை, நாலைந்து உறுப்பினர்களின் கை தேவை. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பதவியின் கனம் தெரியாது. தமிழ்நாட்டில் ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தெருவிளக்குக்கு பல்பு வாங்கியதற்கும், மோட்டார் பழுது பார்த்ததற்கும், தூய்மைப் பணியாளருக்குக் கூலி கொடுப்பதற்கும் அந்த இரண்டாவது கையெழுத்து விழாமல் பணம் நகராது. அதனால்தான் அந்த நாற்காலிக்கு அத்தனை போட்டி. இரண்டு தரப்பும் சம பலத்தில் இருக்கும் ஊர்களில், முதல் பாதி உனக்கு, அடுத்த பாதி எனக்கு என்று பேசி முடிப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தெருவுக்குத் தெரு, சங்கத்துக்குச் சங்கம் உடன்பாடு நடக்கும். கோயிலிலோ பள்ளிவாசல் ஜமாத்திலோ மாதா கோயில் வாசலிலோ பெரியவர்கள் முன்னிலையில் பேச்சு முடியும். எழுத்தில் எதுவும் இருக்காது. ஒன்றியத் தலைவர், துணைத் தலைவர் பதவிகளிலும் கட்சிகளுக்குள் இதே ஏற்பாடு உண்டு. இரண்டரை ஆண்டு என்ற கணக்கு உங்கள் ஊரிலும் அவ்வளவு சரியாக வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இருந்தாலும் இது என் ஊகம் மட்டுமே. ஊரில் அந்தப் பேச்சு நடந்தபோது இருந்தவர்களைக் கேட்டால் உறுதியாகத் தெரியும்.

உடன்பாட்டின்படி விலகாதவருக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் காத்திருக்கும். உறுப்பினர்கள் கையெழுத்து சேர்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததுமே பலர் தாமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தோற்று இறங்கினார் என்பதைவிட விலகினார் என்பது ஊரில் தலை நிமிர்ந்து நடக்க உதவும். இதில் மிரட்டல் இருக்கிறதா என்று கேட்டால், கையில் தடியோடு யாரும் நிற்பதில்லை. ஆனால் சுயவிருப்பம் என்றும் அதைச் சொல்ல என் மனம் ஒப்புவதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கடலோர ஊராட்சியில், நாட்டுப்படகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் தலைவராக வென்றிருந்தார். இரண்டாம் ஆண்டில் அவருடைய விலகல் கடிதத்தை அவருடைய கொழுந்தன் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். தட்டச்சு செய்யப்பட்ட கடிதம், கீழே கையெழுத்து. நேரில் வரச் சொன்னேன். வந்தவரை, உடன் வந்தவர்கள் வெளியே இருக்க, தனியாக உட்கார வைத்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டேன். “கையெழுத்து என்னோடதுதான் சார். என்ன எழுதியிருக்குன்னு நான் வாசிக்கல” என்றார். விருப்பமில்லையென்றால் அப்படியே எழுதிக் கொடுக்கலாம், கடிதம் மேலே போகாது என்று விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் கழித்து அவர் கையாலேயே எழுதிய இரண்டாவது கடிதம் வந்தது. அப்போதும் தனியாகக் கேட்டேன். “ஊருக்குள்ள இருந்தாகணும்ல சார்” என்றார். அதற்கு மேல் விதியில் எனக்கு வழி இருக்கவில்லை. உண்மையான கையெழுத்துக்கும் உண்மையான விருப்பத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அன்றைக்குப்போல் நான் என்றும் உணர்ந்ததில்லை.

இதன் கொடிய வடிவத்தைத் தமிழ்நாடு பத்தாண்டுகள் பார்த்தது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை அங்கே மனுத் தாக்கலே நடக்காமல் போனது, அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார். 2006 அக்டோபரில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் நீடிக்க முடிந்தது. விருதுநகர்ப் பகுதி 1985 வரை நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நிலம்தான். அந்த விலகல் கடிதங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முறைப்படியே இருந்திருக்கும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் என்ன நடந்தது என்று தெரிகிறது. ஒரே நாற்காலியிலிருந்து அடுத்தடுத்து ஆட்கள் விலகினால், ஆளை விட்டுவிட்டு நாற்காலியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

ஊரில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணமும் உண்டு. என் அனுபவத்தில் நேர்மையானவர்களைப் பதவியிலிருந்து துரத்துவது பெரும்பாலும் அதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் நான்கு நாள் வரவில்லையென்றால் குடத்தோடு பெண்கள் முதலில் வந்து நிற்பது தலைவர் வீட்டு வாசலில். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இல்லை. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் கடலில் தகராறு வந்தாலும், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப் போனாலும், தலைவரே என்று இவரைத்தான் தேடுவார்கள். மதிப்பூதியமோ மாதம் சில ஆயிரத்தைத் தாண்டாது. தேர்தலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதிகாரம் இல்லாத பொறுப்பை இரண்டு ஆண்டு சுமந்துவிட்டு, ஐயா என்னை விட்டுவிடுங்கள் என்று வந்தவர்கள் உண்டு. உடல்நலம், பிள்ளையின் படிப்பு, வெளிநாட்டு வேலை என்று அவர்கள் எழுதும் காரணமும் பொய்யாக இருப்பதில்லை. சொந்தக் காரணம் என்ற சொல்லைப் பார்த்த உடனே சந்தேகப்பட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேல் மட்டத்தில் நடக்கும் விலகல்களில் மிகச் சாதாரணமானது, ஒரு பதவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம். இரண்டிலும் வென்றால் ஒன்றை விட வேண்டும். 1957இல் முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் நம் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, முதுகுளத்தூரை விட்டார். அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலின் சூடு தணியும் முன்பே, அவ்வாண்டு செப்டம்பரில் இம்மாவட்டம் மறக்க முடியாத கலவரம் மூண்டது. கலவரத்துக்கு வேர்கள் பல. இடைத்தேர்தல்தான் காரணம் என்று சொல்வது பிழை. ஒரு தொகுதியை மறுபடியும் தேர்தலுக்குள் தள்ளுவதற்கு ஊர் கொடுக்கும் விலை பணம் மட்டும் அன்று என்பதற்காகவே அதை நினைவுபடுத்துகிறேன். அண்மையில் 2019இல் நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனதும் விலகினார். 2021இல் மாநிலங்களவை உறுப்பினர்களாக இருந்த கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டமன்றத்துக்கு வென்று, மாநிலங்களவை இடங்களை விட்டார்கள். தலைவருக்கு இடம் தருவதற்காக விலகுவதும் உண்டு: 2015இல் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானபோது வெற்றிவேல் ஆர்.கே.நகரை விட்டுக் கொடுத்தார், முதல்வர் நாற்காலியை பன்னீர்செல்வம் விட்டுக் கொடுத்தார். இவற்றில் மர்மம் எதுவும் இல்லை. வாக்காளருக்கு நியாயமா என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது; என் கருத்தில் நியாயமில்லை.

நீங்கள் பணம் என்று கேட்டது பெரும்பாலும் அடுத்த வகையை நினைத்தே இருக்கும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சி மாறும் உறுப்பினரும் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவரும் பதவி இழப்பார்கள். அதிலிருந்து தப்ப ஒரு வழி, முதலில் விலகிவிட்டுப் பிறகு மாறுவது. 2019இல் கர்நாடகத்தில் 17 எம்.எல்.ஏ.க்கள் வெளியேறியதும், 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தில் 22 பேர் விலகியதும், 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் நாராயணசாமி அரசு விழுந்ததும் இந்த வழியில்தான். அவையின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் ஆட்சிக்குப் பெரும்பான்மை போய்விடும். எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டுக்கூட போட வேண்டியதில்லை. கர்நாடக வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விலகல் கடிதம் கொடுத்ததால் தகுதிநீக்கம் தடுக்கப்படாது என்றது; ஆனால் அவையின் மீதிக் காலம் முழுவதும் அவர்கள் போட்டியிடக் கூடாது என்று பேரவைத் தலைவர் விதித்த தடையை ரத்து செய்தது. டிசம்பரில் 15 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் 12இல் பாஜக வென்றது. மாறாக, 2017இல் தமிழ்நாட்டில் முதல்வரை எதிர்த்த 18 அதிமுக எம்.எல்.ஏ.க்கள் விலகாமல் இருந்து தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். நம் மாவட்டத்துப் பரமக்குடித் தொகுதியின் உறுப்பினர் அவர்களில் ஒருவர். 2019 வரை பரமக்குடிக்கு எம்.எல்.ஏ. இல்லை. இவற்றில் பணம் கைமாறியதா என்றால், மேடைகளில் சொல்லப்பட்டது ஏராளம். குற்றச்சாட்டை நான் நிரூபணம் போல் எழுத மாட்டேன். விலகிய சில மாதங்களில் அவர்களுக்கு என்ன பதவி கிடைத்தது என்பது மட்டும் எல்லோரும் பார்க்கும்படி நடந்தது.

வழக்குகளால் நேரும் விலகலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் உறுப்பினர் பதவி உடனே போகும் என்பது லில்லி தாமஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் நிலைத்த சட்டம். 2019 ஜனவரியில் தமிழக அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டி மூன்றாண்டுத் தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அத்தகைய நேரத்தில் விலகல் என்பது, எப்படியும் மூடப்போகும் கதவைத் தம் கையால் சாத்துவது.

குற்றம் தம்முடையதல்லாதபோதும் பொறுப்பேற்று விலகியவர்களைப் பற்றி இன்று யாரும் நினைப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் பாழாகி, தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த விலகலை நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார், சாஸ்திரி விபத்துக்குப் பொறுப்பு என்பதற்காக இல்லாமல், மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டாக. இங்கே பாம்பன்காரர்களுக்கு இன்னொரு நாள் நினைவுக்கு வரும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அலை தனுஷ்கோடியை அடித்துக் கொண்டுபோனபோது, பயணிகள் ரயில் ஒன்றும் அதிலிருந்தவர்களோடு கடலுக்குள் போயிற்று. அப்போதைய ரயில்வே அமைச்சர் 1967 வரை அந்தப் பொறுப்பில் தொடர்ந்தார். அரியலூரிலும் இயற்கைதான், தனுஷ்கோடியிலும் இயற்கைதான். பொறுப்பேற்று விலகுவதைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை, அது முழுக்க ஆளின் மனச்சாட்சியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட அருகில் உள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

காமராசரின் விலகல் எந்த வகையிலும் எளிதில் அடங்குவதில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்து, சாத்தூர் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர், 1963 அக்டோபர் 2 அன்று முதல்வர் பதவியை விட்டார்; பதவிக்காலம் 1967 வரை இருந்தது. மூத்தவர்கள் ஆட்சியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் முன்வைத்த, காமராசர் திட்டம் எனப்படும் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் விலகினார்கள். மொரார்ஜியை ஒதுக்கவே திட்டம் வந்தது என்று அப்போதே பேசப்பட்டது. அதை நம்புவதற்கும் மறுப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். காமராசர் அளவில், நாற்காலியை விட்டதால் அவருடைய செல்வாக்குக் குறையவில்லை, அடுத்த இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்யும் இடத்தில் அவர் இருந்தார் என்பதே வரலாறு. தன்னலமற்ற முடிவு என்றே நான் நம்புகிறேன். நம்பிக்கை என்பதால் அதை நம்பிக்கை என்றே சொல்கிறேன்.

எதிர்ப்பைக் காட்ட விலகுவது நம் கடற்கரைக்குப் பழக்கமானது. இலங்கைத் தமிழர் படுகொலையைக் கண்டித்து 1983 ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியை உண்மையிலேயே விட்டார்கள். 2008 அக்டோபரில் திமுக எம்.பி.க்கள் விலகல் கடிதங்களைத் தம் கட்சித் தலைவரிடம் கொடுத்தார்கள். அவை அவைத் தலைவர்களைச் சென்று சேரவில்லை, பதவிகளும் போகவில்லை. இந்த வேறுபாடு உங்களுக்கு உதவும். மீனவர் கைதைக் கண்டித்து உறுப்பினர்கள் கூட்டமாகக் கடிதம் நீட்டும் படம் செய்தித்தாளில் வந்தால், அக்கடிதம் சட்டப்படி ஏற்க வேண்டியவர் கைக்குப் போனதா என்று பாருங்கள். போகாதவரை அது வேதனையைச் சொல்லும் மனு. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய இலங்கை அகதிகளைப் பார்த்தவர்கள் யாரும் குறைத்து மதிக்க மாட்டார்கள். ஆனால் அதை விலகல் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

மிரட்டலைப் பற்றிய உங்கள் கேள்விக்குத் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு 2017 பிப்ரவரி. 5ஆம் தேதி முதல்வர் பன்னீர்செல்வம் விலகல் கடிதம் கொடுத்தார். 7ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்துவிட்டு எழுந்து, தம்மைக் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றார். எம்.எல்.ஏ.வின் விலகல் உண்மையானதா என்று விசாரிக்கப் பேரவைத் தலைவருக்கு 1974இல் வழி செய்யப்பட்டது. முதல்வரோ அமைச்சரோ விலகினால் அப்படி விசாரிக்கும்படி அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. அவர் சொன்னது எந்த மன்றத்திலும் சோதிக்கப்படாமலே போனது. அதே பன்னீர்செல்வம் 2024இல் நம் இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று இரண்டாம் இடம் பெற்றார்.

உங்கள் துணைத் தலைவருக்குத் திரும்புகிறேன். முதலில், அவர் துணைத் தலைவர் பதவியை மட்டும் விட்டாரா, வார்டு உறுப்பினர் பதவியையும் சேர்த்து விட்டாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது மட்டும் என்றால் உங்கள் வார்டின் ஓட்டு இன்னும் அவரிடமே இருக்கிறது, உடன்பாடு என்ற என் ஊகமும் வலுப்படும். இரண்டும் என்றால் உடல்நலமோ குடும்பமோ கடனோ என்று முதலில் நினையுங்கள், நேரில் போய் நலம் விசாரியுங்கள். அவர் இடத்துக்கு வந்தவர் யார், தேர்வு போட்டியோடு நடந்ததா, முன்பு எதிர்த்தவர்கள் இப்போது கை தூக்கினார்களா என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். மேற்கொண்டு உறுதி வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து மூன்று ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: விலகல் கடிதம், அதை ஏற்ற ஆணை, அதற்கு முந்தைய மூன்று மாதங்களின் மன்றக் கூட்டத் தீர்மானங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்ததும், கடிதத்தின் தேதியையும், கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பில் ஏதாவது இருந்தால் அந்தத் தீர்மானத்தின் தேதியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.